சார், ஒரே ஒரு பக்கம்

எங்கள் அலுவலகத்தில் யார் பெரிய ஆள் என்பது சம்பளப் பட்டியலில் தெரியாது, பிரிண்டரில் தெரியும். கலர் பிரிண்ட் எடுக்க அனுமதி உள்ளவர் பெரியவர். கறுப்பு வெள்ளை மட்டும் வாய்த்தவர் நடுத்தர வர்க்கம். இரண்டும் இல்லாதவர், பெரியவரின் மேசையருகே வந்து "சார், ஒரே ஒரு பக்கம்" என்று தலையைச் சொறிபவர்.

முன்பு இந்தப் பேதமெல்லாம் கிடையாது. விண்டோஸில் பிரிண்டரைப் பகிர்ந்தால், 'எவ்ரிஒன்' என்ற குழுவுக்கு அச்சிடும் உரிமை தானாகவே வந்துவிடும். எங்கள் ஆட்கள் அந்தக் குழுவில் மாமியார், மைத்துனர் எல்லாரையும் சேர்த்துக்கொண்டார்கள். பரீட்சைக் காலத்தில் ஹால் டிக்கெட், தை பிறந்தால் ஜாதகம். ஒருவர் 'பொன்னியின் செல்வன்' ஐந்து பாகங்களையும் அடித்து எடுத்துப் போனார். கல்கியின் நூல்கள் நாட்டுடைமை. பிரிண்டரும் அப்படித்தான் என்று அவர் நினைப்பு. 500 தாள் கட்டைக் காலையில் பிரித்தால் மாலையில் உறைதான் மிஞ்சும்.

நிர்வாகம் ஐ.டி. தம்பியை ஏவியது. அவர் முதலில் 'எவ்ரிஒன்'னைத் தூக்கினார். அச்சிடுவது, ஆவணங்களை நிர்வகிப்பது, பிரிண்டரையே நிர்வகிப்பது என்று உரிமைகளைப் பங்கு பிரித்தார். அடுத்தவர் கொடுத்த வேலையைப் பாதியில் நிறுத்தும் உரிமை மேனேஜருக்குப் போயிற்று. அது அவரிடம் ஏற்கெனவே இருந்ததுதான்.

பிறகு கார்டு வந்தது. பிரிண்டர் முன்னால் நின்று அடையாள அட்டையைக் காட்டினால்தான் தாள் வெளியே வரும். ரகசியக் காகிதம் தட்டில் அநாதையாகக் கிடக்கக் கூடாதாம். யாருக்கு எவ்வளவு இன்க்ரிமென்ட் என்று நாங்கள் அறிந்துகொண்டதே அந்தத் தட்டில்தான். ஒரே நாளில் அலுவலகத்தின் செய்தித் துறையை மூடிவிட்டார்கள்.

அமெரிக்காவில் எம்.ஐ.டி. ஆய்வகத்துக்கு வந்த ஒரு பிரிண்டரின் மூல நிரலைத் தர மறுத்தார்கள் என்ற கோபமும் சேர்ந்துதான் அங்கிருந்த நிரலாளர் ரிச்சர்ட் ஸ்டால்மன் 1983இல் க்னூ என்ற கட்டற்ற மென்பொருள் திட்டத்தை அறிவித்தார். எங்கள் ஆட்கள் அவ்வளவு தூரம் போகவில்லை. என் சீட் வரைதான் வந்தார்கள். என்னிடம் கலர் கார்டு இருந்தது. "முடியாது" என்று சொல்லும் வாய் இல்லை.

மாதக் கடைசியில் யார் எத்தனை பக்கம் எடுத்தார் என்று அறிக்கை வரும். அதன்படி நான் நீட் எழுதுகிறேன், ரேஷன் கார்டில் பெயர் சேர்க்கிறேன், வெவ்வேறு நட்சத்திரத்தில் பிறந்த நான்கு பெண்களுக்கு வரன் தேடுகிறேன்.

ஐ.டி. தம்பிகளுக்கு ஒரு விண்ணப்பம். கார்டு, பாஸ்வேர்டு எதுவும் வேண்டாம். ஒரு பிடி இரக்கமும் இல்லாத ஆளாகப் பார்த்து அந்த அனுமதியைக் கொடுங்கள். எந்த அலுவலகத்திலும் அவர் அக்கவுண்ட்ஸில்தான் இருப்பார்.