தலைதீபாவளிக்கு இரண்டு அடுப்பு

பெண் வீடு பெரம்பூர். மாப்பிள்ளை வீடு சௌகார்பேட்டை, ஜைனர்கள். தலைதீபாவளி என்றதுமே தகராறுதான். நமக்கு அது நரகாசுரன் செத்த நாள்: விடியுமுன் எண்ணெய்க் குளியல், பிறகு இட்லியும் ஆட்டுக்கறிக் குழம்பும். அவர்களுக்கோ மகாவீரர் முக்தியடைந்த நாள். எவ்வுயிரையும் வதைக்காதே என்றவருடைய நாளில் ஆட்டுக்கறியா?

மாமனார் பெருந்தன்மையாகக் கறிச்சட்டியை மொட்டைமாடி அடுப்புக்கு நாடு கடத்தினார். வாசனை படியிறங்கி வந்ததற்கு அவர் பொறுப்பல்ல. மாமியார், 'சைவம்தானே' என்று சின்ன வெங்காய சாம்பாரும் உருளைக்கிழங்கு வறுவலும் வைத்தார். சம்பந்தியம்மாள் இலையைப் பார்த்துப் புன்னகைத்தார். மண்ணுக்குள் விளைந்தது ஆகாதாம். மிஞ்சியது அப்பளமும் சோறும். லேகியத்துக்கும் விசாரணை நடந்தது: இஞ்சி கூடாது, சுக்கு ஆகலாம்!

காய்ந்தால் பாவமும் வற்றிவிடுமோ என்று மாமனார் முணுமுணுத்தார். புரட்டாசி முழுக்கப் பெருமாளுக்குப் பயந்துவிட்டு, ஐப்பசி பிறந்ததும் விடியற்காலையில் கறிக்கடை வரிசையில் நிற்கிறவர் கேட்கிற கேள்வியா இது?

இரவு எட்டு மணிக்கு விருந்து என்று அழைத்தது அடுத்த கூத்து. பொழுது சாய்ந்தபின் அவர்கள் பச்சைத் தண்ணீரைக்கூடத் தொடவில்லை.

இப்படிச் சம்பந்தம் செய்யப்போகிறவர்களே, விருந்தைச் சாயங்காலம் ஐந்துக்குள் முடியுங்கள். மைசூர்பாகை மட்டும் தாராளமாகக் கிளறுங்கள். கடலைமாவு, நெய், சர்க்கரை. அதில் ஆடும் இல்லை, கிழங்கும் இல்லை.