ஊர்ப் பெரியோருக்கு ஒரு நன்றியுரை

ராஜபாளையத்திலும் ஸ்ரீவில்லிபுத்தூரிலும் பந்தல்காரருக்கு வாடகை பாக்கி நின்றாலும் நிற்கும், நன்றியுரை மட்டும் நின்றதில்லை. ஆனால் நான்கு வயதுப் பெண்பிள்ளைக்கு ரத்தப் புற்றுநோய் வந்த ஒரு வீட்டுக்கு நம் இரண்டு ஊரும் சேர்ந்து செய்த உபகாரங்களுக்கு இதுவரை யாரும் மேடையேறி நன்றி சொல்லவில்லை. தகப்பனுக்கு மில்லில் நைட் ஷிப்ட். தாய்க்குத் தூக்கம் போய் மாதங்களாயிற்று. எந்த வீடு என்று தேடாதீர்கள். போன வருஷம் ஒரு தெரு, இந்த வருஷம் ஒரு தெரு என்று அது மாறிக்கொண்டே இருக்கும். அவர்கள் சார்பில் மைக்கை நான் வாங்கிக்கொள்கிறேன்.

முதல் நன்றி, ஊசி போடும் அண்ணாச்சிக்கு. பிள்ளைக்கு விட்டுவிட்டுக் காய்ச்சல், முகத்தில் வெளுப்பு, ராத்திரியானால் கால் வலி, லேசாக இடித்த இடமெல்லாம் நீலமாகக் கன்றிப்போகிறது. ரத்தத்தை எடுத்து அணுக்களை எண்ணி, ஒரு சொட்டைக் கண்ணாடித் தகட்டில் தடவி மைக்ராஸ்கோப்பில் பார்க்கச் சில நூறு ரூபாய் போதும். பெரும்பாலும் சந்தேகம் அங்கேயே கிளம்பிவிடும். அண்ணாச்சி அந்த வீண்செலவை வைக்கவில்லை. “வளர்ற பிள்ளைக்குக் கால் வலிக்கத்தான் செய்யும்” என்று சொல்லி ஒரு ஸ்டீராய்டு ஊசியை ஏற்றினார். காய்ச்சல் பறந்தது. கைராசிக்காரர் என்று தெருவே மெச்சியது. லுக்கேமியாவுக்கு ஸ்டீராய்டும் ஒரு மருந்துதான். கண்டுபிடிப்பதற்கு முன்பே அதைக் கொடுத்தால் நோய் கொஞ்ச நாள் பதுங்கும், பரிசோதனையையும் ஏய்க்கும், பிறகு திரும்பி வரும். பதுங்கியிருந்த அந்த வாரங்களை அண்ணாச்சி இலவசமாகவே கொடுத்தார்.

அடுத்து, சொந்தபந்தங்களுக்கு. கீமோ ஏறிய சில நாளில் கவுன்ட் இறங்கும், வெள்ளையணு அநேகமாகக் காலியாகும். அப்போது காய்ச்சல் கண்டால் ஒரு மணி நேரத்துக்குள் ஆன்டிபயாடிக் ஏறியாக வேண்டும் என்கிறார்கள் மருத்துவர்கள். ராஜபாளையத்திலிருந்து பெரிய ஆஸ்பத்திரி இருக்கிற மதுரை 80 கிலோமீட்டருக்கு மேல். கவுன்ட் இறங்கிய அந்த நேரம் பார்த்துத்தானே வேன் பிடித்து வந்து இறங்கினீர்கள்? ஆளுக்கொரு முத்தம், இருமிக்கொண்டே வந்த மாமா மட்டும் இரண்டு. “இப்ப வேண்டாம் மதினி, கவுன்ட் கம்மியா இருக்கு” என்று கும்பிட்ட தாய்க்கு ‘திமிர் பிடிச்சவ’ என்று பட்டம் கிடைத்தது. போகிற போக்கில் “உங்க வம்சத்துல யாருக்கு இருந்துச்சு?” என்று ஒரு கேள்வியையும் வாசலில் போட்டுவிட்டுப் போனீர்கள். பெரும்பாலான பிள்ளைகளுக்கு இந்த நோய் வருவதில் பரம்பரைக்கும் பங்கில்லை, தாய் தின்ற பப்பாளிக்கும் பங்கில்லை. அதே சொந்தங்கள் அப்புறம் தங்கள் பிள்ளைகளை அந்தப் பிள்ளையோடு விளையாட விடவில்லை, ஒட்டிக்கொள்ளுமாம். நம்மிடமிருந்து அவளுக்கு எல்லாக் கிருமியும் ஒட்டும். அவளிடமிருந்து நமக்குப் புற்று ஒட்டாது. அந்த வீட்டுக்குப் போய்வந்த யாருக்கும் வெட்கம்கூட ஒட்டியதாகத் தெரியவில்லை.

வாட்ஸாப் வைத்தியர்களை மறந்தால் நான் நன்றிகெட்டவன். முள்சீத்தா இலை கீமோவைவிடப் பத்தாயிரம் மடங்கு வீரியமாம், ஊசி குத்திச் சதை எடுத்தால் நோய் பரவுமாம், இங்கிலீஷ் மருந்து விஷமாம். இயற்கைக்குத் திரும்புங்கள் என்று அந்தத் தகப்பனின் போனுக்கு ராத்திரி பன்னிரண்டு மணிக்குச் செய்தி வருகிறது. ஐயா இயற்கையாரே, பிள்ளைக்கு ஏறுகிற வின்கிறிஸ்டின் என்ற கீமோ மருந்து எங்கிருந்து வந்தது என்று நினைக்கிறீர்கள்? உங்கள் வீட்டுக் காம்பவுண்டு ஓரம் கேட்பாரற்றுப் பூத்துக் கிடக்கிறதே நித்தியகல்யாணி, அதிலிருந்துதான். டன் கணக்கில் காய்ந்த இலையிலிருந்து கிராம் கணக்கில் பிரித்து, அளவு கண்டு, 1960களிலிருந்து பிள்ளைகளைப் பிழைக்க வைத்துக்கொண்டிருக்கிறார்கள். உடனே இலையைப் பறித்துக் கஷாயம் வைத்துவிடாதீர்கள். உங்களை நம்பி இதைச் சொல்லவே பயமாயிருக்கிறது.

சோதிடருக்குத் தனி நன்றி. நோய்க்குக் காரணம் தாயின் ஜாதகத்தில் இருப்பதாக அவர் கண்டுபிடித்தார். தகப்பன் ஜாதகம் பளிங்கு மாதிரி இருந்ததாம். இருக்கன்குடி மாரியம்மனுக்குப் பிள்ளையை மொட்டை போடச் சொன்னார். கீமோ முந்திக்கொண்டுவிட்டது. பஸ்ஸில் பக்கத்து சீட்டுப் பாட்டி, “மொட்டை எங்க தாயி, திருப்பதியா இருக்கன்குடியா?” என்றாள். “அடையாறு” என்றாள் தாய். பாட்டிக்குப் புரிந்துவிட்டது. வேறொன்றும் கேட்காமல் மடியில் இடம் பண்ணிப் பிள்ளையின் காலைத் தூக்கி வைத்துக்கொண்டாள். நன்றியுரையில் அவள் பெயரைச் சேர்க்க ஆசைதான், ஆனால் அவள் யாருக்கும் போட்டோ கொடுக்கவில்லையே.

போட்டோ என்றதும் அரசியல் பெருமக்கள் நிமிர்ந்து உட்காருகிறார்கள். வணக்கம். தலைவர் பிறந்தநாளுக்கு ரத்ததான முகாம், வாசலில் ஃப்ளெக்ஸ், உள்ளே ஆளுக்கொரு ஜூஸ். நல்ல காரியம்தான். ஆனால் அந்தப் பிள்ளைக்குப் பல சமயம் வேண்டியது ப்ளேட்லெட். எடுத்து வைத்தால் அதற்கு ஆயுள் 5 நாள். தலைவருக்கோ வருஷத்துக்கு ஒரே பிறந்தநாள். மூக்கில் ரத்தம் நிற்காமல் வழியும் ஒரு செவ்வாய்க்கிழமை நள்ளிரவில் தலைவர் பிறக்கவில்லை என்றால், தகப்பன் போனில் இருக்கிற நம்பரையெல்லாம் வரிசையாகக் கூப்பிட வேண்டியதுதான். முகாமில் கையை நீட்டிப் படம் எடுத்துக்கொண்டவர்கள் அன்று சுவிட்ச் ஆஃப்.

அரசாங்கத்துக்கு வருகிறேன். தாயின் கையில் இருக்கிற எந்த அரசுக் காகிதத்தைப் பிரித்தாலும் மேலே முத்திரையில் ஸ்ரீவில்லிபுத்தூர்க் கோபுரம் நிற்கிறது. 192 அடிக் கோபுரம். சொந்த ஊர்க் கோபுரத்தைத் தரிசித்துக்கொண்டே வருமானச் சான்றுக்கு நிற்கிற பாக்கியம் யாருக்குக் கிடைக்கும்? முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் குடும்பத்துக்கு வருஷம் 5 லட்சம் வரை சிகிச்சை உண்டு. குடும்ப வருமானம் வருஷத்துக்கு 72,000க்குள் இருக்க வேண்டும் என்றிருந்ததை 2022இல் 1,20,000 ஆக்கினார்கள். அதாவது மாதம் பத்தாயிரம். அதற்கு மேல் நூறு ரூபாய் சம்பாதிக்கிறவன் புற்றுநோயைத் தாங்கும் செல்வந்தன். அட்டை கிடைத்தாலும் அது ஆஸ்பத்திரிக் கணக்கைத்தான் தீர்க்கும். அறை வாடகை, ஆட்டோ, கொதிக்க வைத்த தண்ணீர், போன கூலி எல்லாம் வெளியே நிற்கும். சிகிச்சை முழுசாக முடிய இரண்டு, இரண்டரை வருஷம் ஆகும்.

2024 செப்டம்பரில் டெல்லியில் புற்றுநோய் மருந்துக்கு ஜி.எஸ்.டி. குறைத்தார்கள். டி.வி.யில் பார்த்துத் தகப்பன் எழுந்தே நின்றுவிட்டான். மூன்று மருந்துகள். மூன்றும் மார்பு, நுரையீரல் என்று பெரியவர்களுக்கு வருகிற புற்றுகளுக்கானவை. உட்கார்ந்துவிட்டான்.

இ.எஸ்.ஐ. இருக்கிறதே என்பீர்கள். தொழிலாளிக்கே உடம்புக்கு வந்தால் 91 நாள் வரை 70 சதவீதக் கூலி கிடைக்கும். பிள்ளைக்கு வந்தால் மருந்து உண்டு, பக்கத்தில் உட்கார்ந்திருக்கிற தகப்பனுக்குக் கூலி கிடையாது. முதுகு ஊசி போடும்போது பிள்ளையைப் பிடித்துக்கொள்ள வேண்டிய கை அன்று நூல் முடிச்சுப் போட்டுக்கொண்டிருந்தது. மில் ஓடியது.

கேலி செய்ய வந்தவனுக்கு இடைஞ்சலாக இரண்டு விஷயம் உண்டு. சிகிச்சைக்குப் போகிற புற்றுநோயாளிக்கு ரயிலில் ஸ்லீப்பர் வகுப்பில் கட்டணமே இல்லை, துணைக்கு வருபவருக்கு 75 சதவீதத் தள்ளுபடி. பொதிகை எக்ஸ்பிரஸில் ஏறினால் காலையில் சென்னை. அங்கே முத்துலட்சுமி ரெட்டி 1954இல் ஆரம்பித்து, டாக்டர் சாந்தா வாழ்நாளையே கொட்டி வளர்த்த அடையாறு ஆஸ்பத்திரி இருக்கிறது. ஒரு தங்கையைப் புற்றுக்குக் கொடுத்த பெண்மணி ஊரையெல்லாம் கெஞ்சிப் பன்னிரண்டு படுக்கையோடு தொடங்கிய இடம். எழுபது வருஷம் கழித்தும் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு நாம் ராத்திரி ரயில்தான் ஏறுகிறோம். இல்லையென்றால் செங்கோட்டை தாண்டித் திருவனந்தபுரம்.

குழந்தைப் புற்றில் பணக்கார நாடுகளில் 80 சதவீதத்துக்கு மேல் பிழைக்கிறார்கள், பல ஏழை நாடுகளில் 30 சதவீதம்கூடப் பிழைப்பதில்லை என்கிறது உலக சுகாதார நிறுவனம். செல் இரண்டு இடத்திலும் ஒன்றுதான். ரத்தப் புற்றுக்கு அடிப்படை மருந்துகளும் பெரும்பாலும் அதே பழைய மருந்துகள். இடையில் கிடக்கிற நூற்றுக்கு ஐம்பது பிள்ளைகளைக் கொல்வது பிந்திய பரிசோதனை, தீர்ந்த காசு, பாதியில் நிறுத்திய சிகிச்சை. பாதியில் நின்றால் கேஸ் ஷீட்டில் பெற்றோர் கைவிட்டதாக எழுதுவார்கள். ஊசி போட்ட அண்ணாச்சியின் பெயரோ, போனை அணைத்தவனின் பெயரோ, லீவு தராத சூப்பர்வைசரின் பெயரோ அதில் வராது. நான்கு வயதுப் பிள்ளையை இத்தனை பேர் சேர்ந்து சாய்த்துவிட்டுப் பழியைப் பெற்றவள் தலையில் கட்டுவதற்கு ஒரு ஊருக்கு எவ்வளவு ஒற்றுமை வேண்டும்!

நேரமாகிறது. வழக்கப்படி பொன்னாடை போர்த்த வேண்டும். பக்கத்திலேயே சத்திரப்பட்டி, சமுசிகாபுரம். தறி ஓயாமல் ஓடி, நாட்டில் இருக்கிற ஆஸ்பத்திரிகளுக்கெல்லாம் பேண்டேஜ் துணி போகிற ஊர்கள். அங்கே சொல்லி ஆளுக்கு ஒன்றரை முழம் வாங்கி வைத்திருக்கிறேன். வரிசையில் வந்து பெற்றுக்கொண்டு வாயில் இறுக்கிக் கட்டிக்கொள்ளுங்கள். ப்ளேட்லெட் கொடுக்கிறவர்கள் மட்டும் ஒரு நிமிஷம் நில்லுங்கள், ரத்த வகையும் ராத்திரி எடுக்கிற போன் நம்பரும் எழுதிக்கொள்ள வேண்டும்.