கரியே கரி: இ.ஜி.ஆர். வால்வைச் சுத்தம் செய்வது குறித்து ஓர் ஆய்வு

பழைய டீசல் கார் வாங்கப் போகிறவர் முன்னால் ஆர்.சி. புத்தகம், இன்ஷூரன்ஸ், சர்வீஸ் பில்கள், புகைச் சான்றிதழ் என்று ஒரு கட்டு ஆவணங்கள் வைக்கப்படும். கூடவே ஓடோமீட்டர் காட்டும் எண்ணும், எல்லாவற்றையும் மிஞ்சி விற்கிறவரின் வாய்மொழியும் உண்டு. மீட்டரைத் திருப்ப ஒரு லேப்டாப்பும் ஒரு தெரிந்த பையனும் போதும். சாதகமில்லாத சர்வீஸ் பில் எப்போதும் வீடு மாறும்போது தொலைந்துபோனதாகவே இருக்கும். வாய்மொழியைப் பற்றிப் பேசாமலிருப்பதே நாகரிகம். டீசல் காரில் பொய் சொல்லப் பழகாத ஆவணம் ஒன்றே ஒன்றுதான், அது இ.ஜி.ஆர். வால்வில் படிந்திருக்கும் கரி என்று நிறுவுவதே இவ்வாய்வின் நோக்கம். அந்தக் கரியைத் துடைத்தெடுப்பதைப் பட்டறைகள் பராமரிப்பு என்கின்றன. ஆய்வு நோக்கில் அது ஆவண அழிப்பு. படித்து முடிக்கும்வரை பிரஷ்ஷைத் தொடக் கூடாது என்பது நம் துணிபு.

வால்வு அங்கே எப்படி வந்தது என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். அன்னாசிப் பழத்தின் மணத்துக்கு எந்த வேதிப்பொருள் காரணம் என்று கலிஃபோர்னியாவில் ஆராய்ந்துகொண்டிருந்தார் ஆரி ஹாகன்-ஸ்மிட் என்ற டச்சு வேதியியலாளர். 1950களின் தொடக்கத்தில் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரத்தின் கண்ணெரிச்சல் புகைமூட்டத்தை அவர் கையிலெடுத்தார். எரியாத ஹைட்ரோகார்பன்களும் நைட்ரஜன் ஆக்சைடுகளும் வெயிலில் வினைபுரிந்து ஓசோனை உண்டாக்குகின்றன என்று காட்டினார். காரின் மேல் பழி விழுந்தது அப்போதுதான். நைட்ரஜன் ஆக்சைடு எரிபொருளின் குற்றமும் அன்று. சிலிண்டருக்குள் வெப்பம் மிகவும் ஏறும்போது காற்றில் சும்மா இருந்த நைட்ரஜனும் ஆக்சிஜனும் கூட்டு சேர்வதால் வருவது. ஆகவே வெப்பத்தை இறக்க வேண்டும். அதற்குப் பொறியாளர்கள் கண்ட வழி, ஏற்கெனவே எரிந்து முடிந்த புகையில் ஒரு பங்கை மறுபடி என்ஜினுக்கே ஊட்டுவது; இ.ஜி.ஆர். என்பது இதுதான். எரிந்த புகை மறுபடி எரியாது; வெப்பத்தை வாங்கிக்கொண்டு சும்மா இருக்கும். எவ்வளவு புகை திரும்பப் போகலாம் என்று கதவு திறந்து மூடும் வேலைதான் இந்த வால்வுக்கு. 1970களின் தொடக்கத்தில் அமெரிக்கக் கார்களில் ஏறிய இந்த ஏற்பாடு பின்னாளில் நம் ஊர் டீசல் கார்களுக்கும் வந்தது. பி.எஸ். 4 மாசு விதிப்படி டீசல் கார் கிலோமீட்டருக்கு 0.25 கிராம் நைட்ரஜன் ஆக்சைடு விட அனுமதி இருந்தது. 2020 ஏப்ரல் முதல் நாடு முழுவதும் நடப்புக்கு வந்த பி.எஸ். 6 அதை 0.08 ஆகக் குறைத்தது. கதவுக்காரனின் வேலை கூடியது.

இனி சான்றுகள். டீசல் புகையில் கரித்துகள் உண்டு. என்ஜின் அடிப்பகுதியின் ஆவி, ஆயில் துளிகளோடு காற்று உறிஞ்சும் குழாய்க்கே திருப்பி விடப்படுகிறது. கரியும் ஆயிலும் வால்வைத் தாண்டிய மேனிஃபோல்டில் சந்திக்கின்றன. வால்விலேயேகூட, புகை ஆறினால் எரியாத டீசலின் கனமான பகுதி குளிர்ந்து, கருப்பட்டிப் பாகு இறுகியதுபோல ஒட்டிக்கொள்கிறது. இங்கேதான் ஓட்டுநரின் குணம் பதிவாகிறது. கால் முழுக்க மிதித்து ஏறும்போது என்ஜினுக்கு ஆக்சிஜன் தேவை. அப்போது வால்வு மூடிக்கொள்ளும். அது தாராளமாகத் திறந்திருப்பது குறைந்த சுமையில், மெதுவான ஓட்டத்தில். ஆகவே, அதிகம் கரி சேர்ப்பவர் சாலையில் பாய்கிறவர் அல்லர். இரண்டு கிலோமீட்டர் போய், என்ஜின் சூடேறுமுன் நிறுத்தி, ஏ.சி.யைப் போட்டுக்கொண்டு மனைவிக்காகக் காத்திருக்கும் சாதுவானவர்தான். பழைய கார் விளம்பரங்களில் ‘சிங்கிள் ஓனர், டாக்டர் யூஸ் பண்ண வண்டி, கம்மி கிலோமீட்டர்’ என்ற சொற்றொடர் வேத வாக்காக நடமாடுகிறது. வீட்டிலிருந்து கிளினிக், கிளினிக்கிலிருந்து வீடு என்று வாழ்ந்த அந்த வண்டியின் வால்வைத் திறந்தால் தெரியும். மூன்று மடங்கு கிலோமீட்டர் ஓடிய திருச்சி–சென்னை டாக்சியின் வால்வு அதைவிட ஒழுக்கமாக இருக்க வாய்ப்பு அதிகம். வாங்குகிறவர்கள் டாக்டர் வண்டிக்குக் கூடுதல் விலை கொடுப்பது மருத்துவத் தொழில் மீதான மரியாதையே தவிர, பொறியியல் முடிவாகாது.

கரியில் எழுத்து வகைகளும் உண்டு. காய்ந்து, விரலில் தூளாக உதிர்வது சூடாக ஓடிய வண்டியின் கையெழுத்து. பளபளப்பாக, நகத்தால் கீறினாலும் வராமல் கெட்டித்திருப்பது சின்னச் சின்ன ஓட்டத்தின் எழுத்து. ஆயில் ஈரத்தோடு சேறாக இருந்தால் டர்போவையும் பிஸ்டன் ரிங்கையும் சந்தேகிக்கலாம். கரியே இல்லாமல் ஓரிடம் மட்டும் கழுவிவிட்டாற்போல ஈரமாகத் தெரிந்தால், திரும்பும் புகையைக் குளிர்விக்கும் இ.ஜி.ஆர். கூலர் உள்ளுக்குள் ஒழுகுகிறதா என்று பார்க்க வேண்டும். கூலன்ட் டப்பாவில் மட்டமும் இறங்கியிருக்கும். இத்தனையும் படித்த பிறகு சுத்தம் செய்யலாம், தடையில்லை. பேட்டரி நெகட்டிவைக் கழற்றி, கனெக்டரின் கிளிப்பை உடைக்காமல் எடுத்து, போல்ட்டுகளைத் தளர்த்தினால், வால்வு ஒரு கறுத்த முனகலோடு வெளியே வரும். கார்ப் கிளீனர் அடித்து, ஊறவிட்டு, பழைய டூத் பிரஷ்ஷால் தேய்க்க வேண்டும். வால்வுத் தலை உட்காரும் வளையத்தை ஸ்க்ரூடிரைவரால் சுரண்டுகிறவருக்கு இத்துறையில் மன்னிப்பில்லை: கீறல் விழுந்தால் மூடிய வால்வும் கசியும். மோட்டார் இருக்கும் பக்கம் ஒரு சொட்டு திரவமும் போகக் கூடாது. கேஸ்கெட் புதிது. கடைசியாக ஸ்கேனர் மாட்டி, வால்வின் திறந்த நிலையும் மூடிய நிலையும் எவை என்று கம்ப்யூட்டருக்குப் புதிதாகக் கற்பிக்க வேண்டும். பல பட்டறைகள் இந்தக் கடைசிப் படியை விட்டுவிடுகின்றன. மறுவாரம் செக் என்ஜின் லைட் எரிந்தால் பழி டீசல் பங்குக்குப் போகும்.

இக்கொள்கைக்கு எதிராகச் சொல்லப்படுவன சில. கரி சேர்வது என்ஜினின் வடிவமைப்பால், ஓட்டுகிறவரால் அன்று என்பது ஒன்று. பாதி உண்மை. ஆனால் 1248 சி.சி. கொண்ட ஃபியட் மல்டிஜெட் என்ஜின் ஃபியட், மாருதி, டாடா என்று பல நிறுவனங்களின் கார்களில் ஓடியது. அதே என்ஜின் ஒரு வண்டியில் தூளாகவும் இன்னொன்றில் தாராகவும் எழுதுகிறதென்றால், பேனா ஒன்றுதான், எழுதியவர் வேறு. நாற்கரச் சாலையில் ஒரு மணி நேரம் மிதித்தால் கரியெல்லாம் எரிந்துபோகும், ஆவணம் தானே அழியும் என்பது இரண்டாவது. வால்வுக்குப் பின்னால் புகைக்குழாயில் இருக்கும் டி.பி.எஃப். வடிகட்டிக்கு அது பொருந்தும். வால்வுக்குப் பொருந்தாது, அழுத்தி மிதிக்கும் நேரத்தில் அது மூடிக் கிடக்கும் என்று மேலேயே கண்டோம். எழுதுவது நிற்குமே தவிர எழுதியது போகாது.

மூன்றாவது வாதம் பட்டறையிலிருந்து வருகிறது, அதுவே வலுவானது. ‘இது எதுக்கு சார் வம்பு, ஒரு பிளேட் வெச்சு அடைச்சிரலாம், பிக்கப்பும் நல்லா இருக்கும்.’ வாதத்தை அலட்சியம் செய்ய முடியாது. அடைத்தால் கரி சேராது, புகையும் குறையலாம். இன்னும் வேடிக்கை, புகைச் சான்றிதழ் முன்னைவிடச் சுலபமாகக் கிடைக்கும். ஏனென்றால் டீசல் வண்டிக்கான அந்தச் சோதனை புகையின் அடர்த்தியை அளக்கிறது. எந்த வாயுவுக்காக இந்த வால்வே படைக்கப்பட்டதோ, அந்த நைட்ரஜன் ஆக்சைடை அளப்பதில்லை. சட்டம் படித்த வாடிக்கையாளர் ஒருவேளை மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவைச் சொல்லி, தயாரிப்பாளர் கொடுத்த அமைப்பை மாற்றலாகாது என்பார், மெக்கானிக் சிரிப்பார். ஆய்வாளனின் கவலை வேறு. சாட்சியின் வாயை அடைத்துவிட்டு வழக்கை நடத்த முடியாது.

விற்பதற்கு முன்பே வால்வைத் துடைத்துவிட்டால் என்ன செய்வது என்று கேட்கலாம். ஒரு லட்சம் கிலோமீட்டர் ஓடிய டீசல் காரில் வால்வு எவர்சில்வராக மின்னுகிறதென்றால் அதுவே பெரிய வாக்குமூலம். போல்ட் தலைகளில் புதுக் கீறல் இருக்கிறதா, பழைய என்ஜினில் கேஸ்கெட் மட்டும் வெள்ளைவெளேர் என்றிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். பிறகு டார்ச்சை வால்வு இருந்த துளைக்குள் அடித்து, இன்டேக் மேனிஃபோல்டின் உள்சுவரைப் பார்க்க வேண்டும். அதைக் கழற்றி அலச ஒரு நாள் கூலி ஆகும். விற்கப் போகிற வண்டிக்கு யாரும் அவ்வளவு செலவழிப்பதில்லை.