அடைமழையில் அலையோரம்

கேள்வி: தீபாவளி முடிந்த கையோடு, கூட்டமே இல்லாத கடற்கரையில் இரண்டு நாள் தங்க ஆசை. எங்கே போகலாம்?

பதில்: தரங்கம்பாடிக்குப் போங்கள். ஐப்பசி அடைமழையில் கூட்டம் இருக்காது. உங்களிடம் குடை இருக்க வேண்டும். தஞ்சை ரகுநாத நாயக்கரிடம் அனுமதி வாங்கி 1620-இல் டேனிஷ்காரர்கள் எழுப்பிய கோட்டை இன்னும் நிற்கிறது. அவர்களோ 1845-இல் ஊரையே ஆங்கிலேயரிடம் விற்றுவிட்டுக் கிளம்பிவிட்டார்கள். ஆஃப் சீசன் தள்ளுபடி கொடுத்தார்களோ என்னவோ! பக்கத்திலேயே பாண்டியர் கால மாசிலாமணிநாதர் கோயில். அதில் ஒரு பகுதியைக் கடல் விழுங்கிவிட்டது. சுவாமிக்கே சலுகை காட்டாத கடல், செல்ஃபி எடுப்பவருக்கா காட்டும்? தள்ளியே நில்லுங்கள். நாகை துறைமுகத்தில் புயல் கூண்டு ஏற்றியிருக்கிறார்களா என்று பார்த்துவிட்டு பஸ் ஏறுங்கள். ஏற்றியிருந்தால், போகும் தேதிதான் உங்கள் கையில். திரும்பும் தேதி வருண பகவான் கையில்!