சித்தப்பாவின் துப்பாக்கிக்கு ஒரு கட்டை

சித்தப்பாவின் ஒற்றைக்குழல் துப்பாக்கி வீட்டை விட்டுக் கிளம்புவது தேர்தலுக்குத் தேர்தல்தான். லைசென்ஸ் துப்பாக்கிகளை ஒப்படைக்கச் சொல்லி ஸ்டேஷனிலிருந்து தகவல் வரும். சித்தப்பா வோட்டுப் போட மறந்த வருடம் உண்டு. துப்பாக்கி தேர்தல் கடமை தவறியதில்லை.

பயிர்க் காவலுக்கென்று தாத்தா காலத்தில் லைசென்ஸ் வாங்கியது. எங்கள் ஊர் ஆனேக்கலுக்கு ஒரு பக்கம் பன்னேர்கட்டா காடு, இன்னொரு பக்கம் தளிக் காடு. கேழ்வரகு கதிர் பிடித்ததும் யானையும் காட்டுப்பன்றியும் அழைக்காத சம்பந்திகளாக வந்து நிற்கும். 1972-இல் வனவிலங்குச் சட்டம் வந்தபிறகு யாரையும் நினைத்தபடி சுட முடியாது. ஆகவே காவலுக்குத் தகர டப்பா, பூஜைக்குத் துப்பாக்கி என்று வீட்டில் வேலையைப் பிரித்துக்கொண்டோம்.

அந்தப் பூஜைதான் வினை. ஆயுத பூஜைக்கு ஆயுத பூஜை சந்தனம், குங்குமம் எல்லாம் வைத்து, குழலுக்குள் தேங்காய் எண்ணெயை முறுக்குச் சுடுகிற அளவுக்கு ஊற்றி, மூலையில் நட்டமாக நிறுத்திவிடுவார் சித்தப்பா. எண்ணெய் மெல்ல இறங்கி, குழலும் கட்டையும் சேரும் கழுத்தில் ஊறி, மரத்தை மெத்தென்று ஆக்கிவிட்டது. ஒரு நாள் துடைக்க எடுத்தார். கழுத்தோடு விரிசல்.

"நம்ம ஆசாரி ஒரு மணி நேரத்துல செதுக்கிடுவான்டா" என்றார். ஆசாரி கை எடுத்துக் கும்பிட்டார். 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி, அடுத்தவர் துப்பாக்கியைப் பழுது பார்க்கவும் லைசென்ஸ் வேண்டும். பெங்களூருக்குப் போனோம்.

கடைக்காரர் ஆளைப் பார்த்து வால்நட்டில் ஆரம்பித்தார். நம்ம பெங்களூர் கென்னத் ஆண்டர்சன் ஆட்கொல்லிப் புலிகளைச் சுட்ட .405 வின்செஸ்டருக்கும் வால்நட் கட்டைதான் என்றார். சித்தப்பா நிமிர்ந்து உட்கார்ந்தார். விலையைச் சொன்னதும் பழையபடி சாய்ந்தார். ஈட்டி மரம்? கனம் கூடினால் சுடும்போது தோளில் உதை குறையும், உண்மைதான். ஆனால் சித்தப்பாவால் தூக்க முடிந்தால்தானே உதை வாங்க! பிளாஸ்டிக் கட்டை மலிவு, மழையில் ஊறாது. ஆனால் வெளிநாட்டு மாடல்களுக்கென்று வார்த்தது, எங்கள் கிழத்துப்பாக்கியில் உட்காராது. சித்தப்பாவின் ஆட்சேபம் வேறு: "இதுல சந்தனம் ஒட்டாதே."

அங்கே பட்டறையில் இருந்த பெரியவர்தான் விஷயம் தெரிந்தவர். மரத்தின் பெயரைக் கேட்காதீர்கள், நன்றாகக் காய்ந்ததா, கழுத்துப் பகுதியில் இழை நேராக ஓடுகிறதா என்று பாருங்கள் என்றார். இழை குறுக்கே வெட்டினால் எந்த ராஜ மரமும் அங்கேதான் உடையும். பிறகு சித்தப்பாவின் முழங்கை மடிப்பில் கட்டையின் அடியை வைத்து, விரல் விசைக்கு எட்டுகிறதா என்று அளந்தார். சாதாரண நாட்டு மரத்தில், பழைய கட்டையையே மாதிரியாக வைத்துச் செதுக்கிக் கொடுத்தார். வால்நட் விலையில் சிறு பங்குதான் ஆயிற்று.

உங்கள் வீட்டிலும் இப்படி ஒன்று இருந்தால், பூஜையைத் தாராளமாகச் செய்யுங்கள். எண்ணெயைத் துணியில் தொட்டு மட்டும் துடையுங்கள்; குழலின் வாய் கீழே இருக்கும்படி நிறுத்துங்கள்.