மொட்டை மாடியில் எம்.ஜி.ஆர். ஆவது எப்படி?

முதலில் 'எங்க வீட்டுப் பிள்ளை'யை இன்னொரு தடவை பாருங்கள். 1965 பொங்கலுக்கு வந்த படம். நம்பியாரை எம்.ஜி.ஆர். சாட்டையால் விளாசும் இடத்தில் அவர் மணிக்கட்டை மட்டும் கவனியுங்கள். பிறகு தி.நகர் ஆற்காடு தெருவில் உள்ள அவரது நினைவு இல்லத்துக்குப் போய் ஒரு கும்பிடு. பக்திப் பகுதி இத்துடன் முடிந்தது.

அடுத்து, சாட்டை. பம்பரக் கயிற்றுக்கும் அதே பெயர்தான் என்றாலும் அது காணாது. துணி காயப்போடும் நைலான் கொடியும் ஆகாது (நான் அறுத்துப் பார்த்துவிட்டேன், வீட்டில் இன்னும் பேச்சுவார்த்தை நடக்கிறது). பிடியில் பருத்து, போகப்போக இளைத்து, நுனியில் நூல் குஞ்சமாக முடிய வேண்டும். சூட்சுமமே அந்த இளைப்பில்தான். கை கொடுத்த ஆற்றல் ஒரு வளைவாகிக் கயிற்றோடு ஓடுகிறது. ஓட ஓட, சுமக்க வேண்டிய எடை குறைந்துகொண்டே வருகிறது. வேகம் ஏறாமல் என்ன செய்யும்?

ஒலியையே தாண்டும். சென்னை வெயிலில் ஒலி நொடிக்குச் சுமார் 350 மீட்டர் போகும். கபாலி கோயில் குளத்திலிருந்து பனகல் பார்க்குக்குச் சுமார் 11 நொடி. (அதே தூரத்துக்கு பஸ் ஏறிய என் மைத்துனர் இன்னும் வந்து சேரவில்லை.) சாட்டையைச் சொடுக்கும்போது கேட்கிற 'படீர்', கயிறு எதன் மீதோ பட்ட சத்தமில்லை. போர் விமானம் ஒலியை மிஞ்சும்போது எழுகிற அதே அதிர்வலை. உறுமி மேளத்தோடு தெருவில் வரும் சாட்டைக்காரர் வெறும் காற்றில் சொடுக்கினாலே தெருக்கோடி வரை கேட்கிறதே!

இதில் ஒரு குழப்பம் இருந்தது. 1998இல் ஜெர்மனியில் அதிவேகக் கேமரா வைத்துப் பார்த்தபோது, சத்தம் எழும் கணத்தில் நுனி ஒலியைப்போல இரு மடங்கு வேகத்தில் போனது. ஒரு மடங்கிலேயே வெடித்திருக்க வேண்டாமா? 2002இல் கோரியலி, மெக்மில்லன் என்ற இரு கணித அறிஞர்கள் விடை சொன்னார்கள்: வெடிப்பது நுனியல்ல, வளைவு. வளைவு ஒலியை எட்டும்போது நுனி அதைப்போல இரு மடங்கில் பறந்துகொண்டிருக்கும்.

ஆகவே புஜபலம் காட்டாதீர்கள். முன்னால் வீசி, கையைச் சட்டென்று நிறுத்துங்கள். மிச்சத்தைக் கயிறு பார்த்துக்கொள்ளும். குறிக்கு முருங்கை இலை போதும், சாட்டை நீளத்துக்குத் தள்ளி நில்லுங்கள். தப்பினால் நுனி தேடி வருவது உங்கள் காதைத்தான். ஹெல்மெட், கண்ணாடி கட்டாயம். பக்கத்து மாடியில் மாமி வடாம் காயப்போட்டிருந்தால், இன்றைக்கு வேண்டாம்.