மூக்கு முளைத்த ஜிப்ஸி

ஒரு இயந்திரத்தை வாங்கி, கம்பெனி கொடுத்தபடியே வைத்து ஓட்டுவது அந்த இயந்திரத்துக்குச் செய்யும் அவமரியாதை என்று நினைக்கிற ஆண்கள் கோயம்புத்தூரில் ஏராளம். கிரைண்டரும் பம்ப்செட்டும் தெருத்தெருவாகப் பிறந்த ஊர். புதுச் சாமான் வீட்டுக்குள் நுழைந்ததும் மற்ற ஊர்களில் குங்குமம் தேடுவார்கள், இங்கே ஸ்க்ரூ டிரைவர் தேடுவார்கள். என் வீட்டுக்காரர் இந்தக் கூட்டத்தில் மூத்த உறுப்பினர். பம்ப்புக்கு உதிரி பாகம் கடைந்து கொடுக்கும் சின்னப் பட்டறை வைத்திருக்கிறார். எங்கள் மிக்ஸியின் உள்ளே அவர் கடைந்த புஷ்தான் ஓடுகிறது. ஆகவே ஒரு பழைய ஜிப்ஸி வாங்கப் போகிறேன் என்று அவர் சொன்னபோது, அது ஜிப்ஸியாகவே இருக்கப் போவதில்லை என்று எனக்குத் தெரிந்துவிட்டது. என்னவாக மாறும் என்பதுதான் தெரியவில்லை.

ஜிப்ஸியை நீங்கள் பார்த்திருப்பீர்கள். 1985-இல் மாருதி கொண்டுவந்தது. போலீஸ், ராணுவம், தேர்தல் ஊர்வலம் என்று எல்லா இடத்திலும் நின்றது. 2019-இல் விற்பனையை நிறுத்திவிட்டார்கள். முன்னும் பின்னும் பட்டை ஸ்பிரிங். ஏசி கிடையாது. பின்னால் இரண்டு பெஞ்சுகள் எதிரெதிரே இருக்கும். அதில் உட்காருகிறவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டே வாந்தியை அடக்கலாம்.

"எடைதான் அம்மிணி இதோட பலமே. மொத்தமே ஒரு டன்னுதான். பெரிய வண்டியெல்லாம் சேத்துல புதையும், இது மேலாக்க நடந்து போயிரும்" என்றார். இந்த வாக்கியத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். அவர் வைத்துக்கொள்ளவில்லை.

முதலில் டயர். கம்பெனி டயர் 205/70 ஆர் 15. அதைக் கழற்றிவிட்டு 235/75 ஆர் 15 அளவில், பாறை பாறையாகப் பல் வைத்த சேற்று டயர் வந்தது. பிளஸ் டூ படிக்கும் மகள் இயற்பியல் நோட்டின் கடைசிப் பக்கத்தில் கணக்குப் போட்டாள். பழைய டயரின் குறுக்களவு 668 மில்லிமீட்டர், புதியது 733.

"அப்பா, டயர் 65 மில்லிமீட்டர் பெருசு. ஆனா அச்சு நடுவுலதானே இருக்குது? அப்படின்னா வண்டி உசந்தது பாதிதான்."

அதாவது 33 மில்லிமீட்டர். நான்கு டயருக்குக் கொடுத்த பணத்தை அந்த 33-ஆல் வகுத்துப் பார்க்கலாம் என்றேன். வேண்டாம் என்று தந்தையும் மகளும் ஒரே குரலில் சொன்னார்கள்.

டயர் பெரிதானதில் இன்னொரு வேடிக்கையும் நடந்தது. ஸ்பீடாமீட்டருக்கு டயர் மாறிய சங்கதி தெரியாது. அது பழைய கணக்கிலேயே சுற்றை எண்ணிக்கொண்டிருக்கிறது. முள் 60 என்று காட்டும்போது நாங்கள் 66-இல் போய்க்கொண்டிருப்போம். நூறு கிலோமீட்டர் ஓடினால் 91 என்றுதான் பதிவாகும். பெட்ரோல் மட்டும் நூறுக்கும் செலவாகியிருக்கும். லிட்டருக்கு எவ்வளவு கொடுக்கிறது என்று உறவினர்கள் கேட்டால் அவர் இந்த விளக்கத்தை ஆரம்பிப்பார். அதனால் இப்போது யாரும் கேட்பதில்லை.

அந்த டயர் சக்கர வளைவுக்குள் அடங்காமல், திருப்பும்போதெல்லாம் தகரத்தில் உரசியது. வண்டியைத் தூக்க வேண்டும். பட்டைகளை மாற்றி இரண்டு அங்குலம் உயர்த்தினார்கள். மகள் ஸ்கேலோடு வண்டிக்கு அடியில் படுத்துவிட்டு, தலைமுடியில் கிரீஸோடு வெளியே வந்தாள்.

"இருக்கறதுலயே தாழ்வா தொங்கறது அந்த டிஃப்ரன்ஷியல் உருண்டைதானுங்கப்பா? அது அச்சோடதானே ஒட்டிக்கிட்டு இருக்குது? ஸ்பிரிங்கைத் தூக்கினா பாடிதான் மேல போகும். உருண்டை இருந்த இடத்துலயேதான் இருக்குது."

"பாடியைத் தூக்கினது டயருக்கு இடம் பண்ண, கண்ணு."

"டயர் போட்டது?"

"வண்டி உசரத்துக்கு."

இருவரும் சிறிது நேரம் வண்டியைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

கோவணத்தை எலி கடிக்கிறது என்று பூனை வளர்த்து, பூனைக்குப் பால் வேண்டி மாடு வாங்கி, மாட்டைப் பார்த்துக்கொள்ளக் கல்யாணம் செய்துகொண்ட சாமியார் கதையை என் பாட்டி சொல்லியிருக்கிறாள். அந்தச் சாமியாரிடம் ஜிப்ஸி இருந்திருந்தால் கதை இன்னும் நீண்டிருக்கும். பாடி உயர்ந்ததால் பிரேக் ஹோஸ் நீளம் போதவில்லை. ப்ரொப்பல்லர் ஷாஃப்ட் சாய்வாகிப் போனதால் 50-ஐத் தாண்டினால் ஒரு நடுக்கம். டயர் பெரிதானதால் மேட்டில் இஞ்சின் மூச்சு வாங்கியது, கியர் விகிதத்தை மாற்ற வேண்டும் என்றார்கள். ஒவ்வொன்றுக்கும் ஒரு பார்சல் வந்தது. பார்சல் கொண்டுவரும் பையனுக்கு எங்கள் வீட்டு நாய் குரைப்பதை நிறுத்தியது இந்தக் காலத்தில்தான்.

கால் வைத்து ஏறும் படியைக் கழற்றியதும் அப்போதே. பாறையில் இடிக்குமாம். கிராஸ்கட் ரோட்டில் பாறை எங்கே இருக்கிறது என்று நான் கேட்கவில்லை. புடவையோடு அந்த உயரம் ஏறுவது எனக்கே பாடு, அத்தைக்கு எழுபதைத் தாண்டிவிட்டது. அவர் மகனோடு வாதாடவில்லை. சமையலறையிலிருந்த பிளாஸ்டிக் ஸ்டூலை எடுத்து, அதன் காதில் கயிறு கட்டினார். ஸ்டூலைப் போட்டு ஏறுவார், உட்கார்ந்ததும் கயிற்றை இழுத்து ஸ்டூலை உள்ளே வாங்கிக்கொள்வார். இத்தனை மாற்றங்களில் முதல் தடவையே சரியாக வேலை செய்தது இது ஒன்றுதான்.

பிறகு வின்ச் வந்தது. சேற்றில் மாட்டினால் எதிரே உள்ள மரத்தில் கயிற்றைக் கட்டி, மோட்டார் சுற்ற, வண்டி தன்னைத் தானே இழுத்துக்கொண்டு வெளியே வரும். நல்ல யோசனைதான். அதைத் தாங்கக் கனமான இரும்பு பம்பர் வேண்டும். இரண்டும் சேர்ந்ததும் வண்டி மூக்கைக் குனிந்துகொண்டது, ஆகவே முன்பக்கம் ஒரு பட்டை கூடுதல். வின்ச் முழு மூச்சில் இழுக்கும்போது நூற்றுக்கணக்கில் ஆம்பியர் குடிக்கும், ஆகவே இரண்டாவது பேட்டரி. சேற்றின் மேல் மேலாக்க நடந்து போகும் என்று சொல்லப்பட்ட வண்டி இப்படித்தான் நாளுக்கு நாள் உடம்பு போட்டது.

வின்ச்சைச் சோதிக்க, பொள்ளாச்சிப் பக்கம் அத்தையின் தோப்புக்குப் போனோம். பட்டுப்போன தென்னை ஒன்றை வெட்டிய அடிக்கட்டை வாய்க்கால் ஓரம் நின்றது. கூலிக்கு ஆள் வைக்க வேண்டாம், ஐந்து நிமிடத்தில் பிடுங்கிவிடலாம் என்று அதில் கயிற்றைக் கட்டினார். கயிறு விறைத்தது. தோப்பில் வேலையாக இருந்தவர்கள் மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு பார்த்தார்கள். அந்த வின்ச் நான்கு டன் இழுக்கும், வண்டியோ ஒன்றே கால் டன். கட்டைக்கு எடை போட்டவர் யாரும் இல்லை. பிரேக் போட்டிருந்தும் ஜிப்ஸி மண்ணை வழித்துக்கொண்டு மெல்ல மெல்லக் கட்டையை நோக்கிப் போய், அதன் முன்னால் பணிவாக நின்றது.

"ஏனுங்க, கட்டைதான் வண்டியைப் புடுங்குதாட்டம் இருக்குது" என்றார் அவர்களில் ஒருவர்.

அத்தை வண்டிக்குள்ளிருந்து ஸ்டூலை இறக்கினார்.

ஸ்நார்கெல் என்ற மூக்குக் குழாயைப் பற்றியும் சொல்ல வேண்டும். இஞ்சின் காற்று இழுக்கும் வாயைக் கூரை உயரத்துக்குக் கொண்டுபோகும் கறுப்புக் குழாய் அது. தண்ணீரில் இறங்கும்போது இஞ்சினுக்குள் தண்ணீர் புகுந்தால் கதை முடிந்தது. காற்றை அமுக்கலாம், தண்ணீரை அமுக்க முடியாது, பிஸ்டன் முட்டிக் கனெக்டிங் ராட் வளைந்துவிடும். அதெல்லாம் சரி. ஆனால் அந்தக் குழாய் மூச்சு கொடுப்பது இஞ்சினுக்கு மட்டுமே. கோவையில் நல்ல மழை பெய்தால் லங்கா கார்னர் பாலத்தடியில் தண்ணீர் நிற்பது ஊரறிந்த விஷயம். ஒரு மழை மாலையில் மற்றவர்கள் வண்டியைத் திருப்பிக்கொண்டிருந்தபோது, இவர் முகத்தில் தெரிந்த மகிழ்ச்சியை எங்கள் கல்யாண ஆல்பத்தில் தேடினாலும் கிடைக்காது. இறங்கினோம். இஞ்சின் ஒரு தடவைகூட இருமவில்லை. கதவு இடுக்கு வழியாக வந்த தண்ணீரில் என் செருப்பு ஒன்று ஹேண்ட் பிரேக் பக்கமாக மிதந்து போனது. அந்த நேரம் பார்த்து எதிரே வந்த டவுன் பஸ், எந்த மூக்குக் குழாயும் இல்லாமல், எங்கள் மேல் ஓர் அலையை அனுப்பிவிட்டுத் தன் வழியே போனது.

சட்டம் என்று ஒன்று இருக்கிறது. முன்னால் போடும் இரும்புத் தடுப்புகள் கூடாது என்று மத்திய அரசு 2017 டிசம்பரில் மாநிலங்களுக்கு எழுதியது. கம்பெனி கொடுத்த அமைப்புக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்று 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் சொன்னது. அதே ஆண்டு திருத்திய மோட்டார் வாகனச் சட்டப்படி, அனுமதியில்லாத மாற்றம் ஒவ்வொன்றுக்கும் 5,000 ரூபாய் அபராதம், ஆறு மாதம் வரை சிறையும் உண்டு. நான் வண்டியைச் சுற்றி வந்து விரல் விட்டு எண்ணினேன். கால் விரல்களுக்குப் போக வேண்டி வந்தபோது நிறுத்திவிட்டேன்.

அதனால்தான் மூணாறு பக்கம் போகலாம் என்றதும் வீட்டில் ஒரு பதற்றம். கேரளத்தில் மோட்டார் வாகனத் துறை கறார் என்று பெயர். கிளம்பும் முன் இரவோடு இரவாக இரும்பு பம்பரும் வின்ச்சும் இறங்கி எங்கள் கட்டிலுக்கு அடியில் படுத்துக்கொண்டன. கூடுதல் விளக்குகளைக் கழற்றினார். மூக்குக் குழாயைக் கழற்றினால் பானட் பக்கவாட்டில் ஓட்டை தெரியும் என்பதால் அது மட்டும் இருந்தது. சின்னாறு சோதனைச் சாவடியில் காவலர் வண்டியை ஒரு சுற்று சுற்றினார். இவர் ஸ்டியரிங்கை இறுகப் பிடித்துக்கொண்டார்.

"பிளாஸ்டிக் உண்டோ?"

அத்தை ஸ்டூலைக் காட்டினார். காவலர் சிரித்துவிட்டுக் கம்பத்தைத் தூக்கினார். மறையூர் தாண்டும்வரை இவர் பேசவில்லை. தப்பித்த நிம்மதி பாதி. இத்தனை செய்தும் யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லையே என்ற வருத்தம் மீதி.

போன இடம் கொழுக்குமலை. தேயிலைத் தோட்டம் இருப்பது நம் தேனி மாவட்டத்தில், வண்டிப் பாதை மட்டும் கேரளத்தின் சூரியநெல்லியிலிருந்து. பாதை என்பது மரியாதைக்கு. பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டருக்குப் பாறையும் பள்ளமும்தான், ஏற ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். இந்த வண்டி பிறவி எடுத்ததே இதற்காகத்தான் என்று இவர் பல மாதங்களாகச் சொல்லிவந்த பாதை. சூரியோதயம் பார்க்க விடியுமுன் போய் நின்றோம். வெளியூர் வண்டிகளுக்கு மேலே அனுமதி இல்லை, உள்ளூர் ஜீப்பில்தான் போக வேண்டும் என்றார்கள்.

ஜிப்ஸியை ஓரமாக நிறுத்திவிட்டு ஒரு பழைய மஹிந்திரா ஜீப்பில் ஏறினோம். ஏறுவதற்குப் படி இருந்தது. தார்ப்பாயில் ஒட்டுப்போட்டிருந்தார்கள். டயரில் பல் இருந்த இடம் தெரிந்தது. ஓட்டிய தம்பி தோட்டத்துப் பிள்ளை, காலில் ரப்பர் செருப்பு. லோ கியரில் போட்டுவிட்டு ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை ஏறக்குறைய எடுத்தே விட்டான். ஜீப் ஒவ்வொரு கல்லாகத் தடவிப் பார்த்து, அவசரமே இல்லாமல் ஏறியது. அது குலுக்கிய குலுக்கலில் நான் முந்தின நாள் சாப்பிட்டதெல்லாம் முகவரி மாறியது. ஆனாலும் ஓரிடத்தில்கூடச் சக்கரம் வழுக்கவில்லை. ஒரு கையால் கம்பியையும் இன்னொரு கையால் அம்மாவையும் பிடித்துக்கொண்டு இவர் விசாரணையை ஆரம்பித்தார்.

"ஏந்தம்பி, எத்தனை இன்ச் தூக்கியிருக்கீங்க?"

"எதைங்க சார்?"

"ஷாக் என்ன போட்டிருக்கீங்க?"

"வண்டில வந்ததுதான் சார். ஒண்ணு வேலை செய்யாது."

"அப்பறம் எப்படிங்க இந்தப் பிடி பிடிக்குது?"

தம்பி கொஞ்சம் யோசித்தான். "டயர்ல காத்தைக் கம்மி பண்ணி வச்சிருக்கேன் சார். கல்லு மேல மெத்துனு உக்காரும். டைட்டா இருந்தா துள்ளும்."

அவ்வளவுதான் சங்கதி. காற்றைக் குறைத்தால் டயரின் அடிப்பகுதி தட்டையாகி நீண்டு, தரையை அதிக இடத்தில் தொடும், கல்லின் வடிவத்துக்கு வளைந்து கவ்வும். உலகம் முழுக்கக் காடுமேட்டில் வண்டி ஓட்டுகிறவர்கள் முதலில் செய்வது இதைத்தான். வால்வில் ஒரு குச்சியை வைத்து அழுத்தினால் போதும். செலவு ஒரு பைசா இல்லை. இவருக்கு இது தெரியாததல்ல, எனக்கே பாடமாக நடத்தியிருக்கிறார். ஆனால் காசு கொடுக்காமல் கிடைப்பதைப் பார்சலில் வரவழைக்க முடியாதில்லையா.

மேலே சூரியன் வந்தது. மேகம் காலடியில் கிடந்தது. எல்லோரும் கிழக்கே பார்த்தார்கள். ஒரே ஒருவர் மட்டும் ஜீப்புக்கு அடியில் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

ஊர் திரும்பியதும் அடுத்த ஞாயிற்றுக்கிழமை தோப்புக்குப் போய் நான்கு டயரிலும் காற்றை இறக்கி, வாய்க்கால் மேட்டில் ஏற்றிப் பார்த்தார். அருமையாக ஏறியது. கட்டையைச் சுற்றி இரண்டு ரவுண்டு அடித்தார். இறக்கிய காற்றோடு தார் ரோட்டில் வேகமாகப் போனால் டயர் சூடேறிக் கெட்டுவிடும், ஆகவே திரும்பக் காற்று ஏற்ற வேண்டும். பங்சர் கடைக்கு ஆறு கிலோமீட்டர். மாட்டு வண்டி எங்களை முந்திக்கொண்டு போனது.

கம்ப்ரஸர் நேற்று வந்தது. பானட்டுக்குள் இடமில்லை, அங்கே இரண்டாவது பேட்டரி இருக்கிறது. என் சீட்டைக் கழற்றி மூன்று அங்குலம் உயர்த்தி, அதற்கு அடியில் பொருத்தப் போகிறாராம். பட்டறையில் பிராக்கெட் கடைந்துகொண்டிருக்கிறார்கள். சாயங்காலம் கடைக்குப் போனால் இன்னும் கொஞ்சம் ஒசரமான ஸ்டூலாகப் பார்த்து வாங்கி வரும்படி அத்தை சொல்லியிருக்கிறார்.